எதிர்வீட்டு மாடிக்கு வெளிச்சம்

மேம்படுத்திகள் என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது; வீட்டில் தேடுங்கள். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் இவர்களுக்குக் கை அரிக்கும். மின்விசிறி சுற்றினால் ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது என்பார்கள், கதவு சத்தமில்லாமல் திறந்தால் இன்னும் சத்தமில்லாமல் திறக்கட்டும் என்று எண்ணெய் விடுவார்கள், அந்த எண்ணெய் தரையில் வழிந்து யாராவது வழுக்கி விழுந்தால் தரை சரியில்லை என்று தரையை மாற்றக் கிளம்புவார்கள். விழுந்தவரைத் தூக்கிவிட யாராவது வேறு ஆள் வரவேண்டும்.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் பல. சமையலறை அலமாரியைக் கலைத்துப் புது முறையில் அடுக்கி, உப்பை இனி ஒருவரும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்கிறவர்கள் ஒரு பிரிவு. "இரு, இதுல ஒரு செட்டிங் இருக்கு" என்று அடுத்தவர் போனை வாங்கி, மணியடிக்காத போனாகத் திருப்பித் தருகிறவர்கள் இன்னொரு பிரிவு. இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். முற்றிய கேஸ், பழைய காருக்கு ஹெட்லைட் மாற்றுகிறவர்கள். அதிலும் முற்றிய கேஸ், பல நாடு சுற்றிவிட்டு வீடு திரும்பி, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் பழைய காருக்கு ஹெட்லைட் மாற்றுகிறவர்கள். நான் அந்தப் பிரிவு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தது மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களை அடையாளம் காண்பது எளிது. பொழுது சாயும் நேரத்தில் எங்களோடு தெருவில் நடந்து பாருங்கள். உங்கள் மாமனார் ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்லிக்கொண்டு வருவீர்கள். நாங்களும் "அடடா" என்று கேட்டுக்கொண்டுதான் வருவோம். எதிரே ஒரு கார் வரும். அவ்வளவுதான், எங்கள் கண் அதன் நெற்றியில் போய் ஒட்டிக்கொள்ளும். "எல்.இ.டி. போட்டிருக்கான், ஆனா மட்டமான சரக்கு" என்போம். பிறகு நாகரிகம் நினைவுக்கு வந்து, "ம், சொல்லுங்க, மாமனார் இன்னும் இருக்காரா?" என்போம்.

ஊர் சுற்றியவர்களுக்குக் கூடுதலாக ஒரு சொல் உண்டு. "அங்கெல்லாம்." அங்கெல்லாம் தெருவில் பள்ளம் இல்லை, அங்கெல்லாம் பஸ் ஒரு நிமிடம் தப்பாது, அங்கெல்லாம் நாய்கூட ஓரமாகத்தான் போகும். நான் போன நாடுகளில் பாதியில் பஸ்ஸே கிடையாது. ஒரு மலைப்பாதையில் கோழிக்கூண்டுகளுக்கு நடுவில் குந்தி லாரியில் போயிருக்கிறேன். அதையெல்லாம் யார் கேட்டார்கள்? திரும்பி வந்தவளுக்கு "அங்கெல்லாம்" என்று சொல்ல உரிமை உண்டு. வந்த புதிதில் பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் "அப்புறம், மறுபடி எப்பக் கிளம்புற?" என்று கேட்டார்கள். கேட்காத ஒரே ஆள் என் அம்மா.

காரும் அம்மாவுடையதுதான். அண்ணன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் வாங்கியது. அண்ணனுக்கு இப்போது முன்வழுக்கை, காருக்கு முன்பக்கம் பெயின்ட் போயிருக்கிறது, இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில். அம்மா பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய் மடங்காத கையை மடக்கி, நீட்ட முடியாத காலை நீட்டிவிட்டு வருகிற வேலை. நோயாளிகளை அவள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "இன்னைக்கு ரெண்டு முழங்கால், ஒரு தோள்பட்டை" என்பாள். "அந்தக் கழுத்துக்கு வாய் ஜாஸ்தி" என்பாள். வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்குச் சாயங்காலம்தான் வசதி என்பதால் அம்மா வீடு திரும்பும்போது எப்போதும் விளக்குப் போட்டாக வேண்டிய நேரமாகியிருக்கும்.

அப்படித் திரும்பிய ஒருநாள், சாவியை மேசையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "லைட்டு போட்டும் ரோடு சரியாத் தெரிய மாட்டேங்குது. முன்னல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

சாதாரண மகளாக இருந்தால் என்ன செய்வாள்? ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய் விளக்கின் கண்ணாடியைத் துடைப்பாள். "எப்பலேர்ந்தும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்பாள். நான் கேட்கவில்லை. துணியால் துடைப்பதும் கேள்வி கேட்பதும் மேம்பாட்டில் சேராது. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய காருக்கு ஹெட்லைட் மாற்றுவது பற்றிய வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்தேன். ஒன்றில் எனக்குத் தெரியாத மொழியில் ஒருவர் பேசினார். முழுக்கப் புரிந்தது. பக்தி முற்றினால் மொழி தடையில்லை.

மறுநாள் சாப்பிடும்போது, "நம்ம கார் லைட்டு எத்தனை கெல்வின்னு தெரியுமாம்மா?" என்றேன்.

"சோறு ஆறுது."

"வெளிச்சத்தோட நிறம்மா. அங்கெல்லாம் ஆறாயிரத்துக்குக் கீழ யாரும் போடுறதில்ல."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "நீ அங்கெல்லாம் பஸ்ஸுலதானே போன? கார் லைட்டப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"ஏன், பஸ்ஸுக்கு லைட் கிடையாதா?"

"இருக்கும். ஆனா நீ பின்னாடி தூங்கிட்டுல்ல இருந்திருப்ப."

மேம்படுத்திகளைக் கேலியால் நிறுத்த முடியாது; கேலி எங்களுக்கு உரம். முதல் கட்டமாகப் பற்பசை. மஞ்சள் பூத்த விளக்குக் கண்ணாடியைப் பற்பசை போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். தேய்த்தேன். பளபளத்தது. புதினா வாசனை வந்தது. வெளிச்சம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, வீட்டில் பல் தேய்க்கப் பசை இல்லை.

இரண்டாம் கட்டம் புது பல்பு. இங்கே எங்கள் இனத்தின் கூட்டாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மேம்படுத்திக்கும் ஒரு கார் எலக்ட்ரீஷியன் வாய்ப்பார். எனக்கு வாய்த்தவருக்கு நான் வைத்த பெயர் 'போட்டுடலாம்'. அவர் அகராதியில் வேறு சொல் கிடையாது. 'அண்ணே, எல்.இ.டி. போட்டா நல்லாருக்குமா?' 'போட்டுடலாம்மா.' 'பழைய வயரிங் தாங்குமா?' 'புது வயரே போட்டுடலாம்.' 'ரிலே?' 'அது போடாம எப்படி, போட்டுடலாம்.' இதைவிட இனிமையான மனிதரை நான் எந்த நாட்டிலும் சந்தித்ததில்லை. 'அண்ணே, கார் பறக்குமா?' என்று கேட்டிருந்தால் இறக்கைக்கு அளவெடுத்திருப்பார்.

முதலில் பல்பை மட்டும் போட்டோம். அன்று பொழுது சாய்ந்ததும் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தெருவில் ஒரு சுற்றுப் போனேன். ஆகா, என்ன வெளிச்சம். தெருமுனை மரத்தில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. கிளையில் தூங்கிக்கொண்டிருந்த காக்கை ஒன்று விடிந்துவிட்டது என்று நினைத்துக் குரல் கொடுத்தது.

"எவ்வளவு தூரம் போகுது பாத்தியா?" என்றேன்.

"தூரம் போகல, உசரம் போகுது," என்றான் அண்ணன்.

பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா மறுநாள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கு வழி முழுக்க எதிர்ல வர்றவன் எல்லாம் எனக்கு லைட்ட அடிச்சு அடிச்சுக் காட்டுறான்டி" என்றாள்.

"பாராட்டுறாங்கம்மா."

"ஒருத்தன் கண்ணாடிய இறக்கியே பாராட்டினான். உன்னையும் சேத்து."

"ரோடு தெரிஞ்சுதா?"

"மரம் தெரிஞ்சுது, போஸ்டர் தெரிஞ்சுது, மாடியில காயப்போட்ட துணி தெரிஞ்சுது. ரோட்டுலதான் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேணும்."

இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டுமா? குடிகாரனிடம் போய் இன்னொரு கிளாஸ் வேண்டுமா என்று கேட்ட மாதிரி ஆயிற்று. மூன்றாம் கட்டம்: தடித்த வயர், பல்புக்கு நேராக மின்சாரத்தைத் திருப்பிவிடும் ரிலே, அதைவிடப் பெரிய பல்பு. பழைய பல்புகளை அன்றே குப்பையில் போட்டேன். பழையதை எடுத்து வைப்பவர் உண்மையான மேம்படுத்தி ஆகமாட்டார். தான் தோற்கக்கூடும் என்ற நினைப்பு அவருக்கு எங்கோ ஓரத்தில் இருக்கிறது என்று பொருள்.

எதிர்வீட்டு மாடியில் இருக்கும் ஆன்ட்டி, மூன்றாம் கட்டம் முடிந்த வாரத்தில் என்னை வாசல் கேட் பக்கத்தில் நிறுத்தினார். புகார் வரப்போகிறது என்று பதில்களைத் தயார் செய்தேன்.

"உங்கம்மா வண்டி வர்ற நேரத்துக்கு என் சமையல்கட்டுச் சுவரெல்லாம் பகல் மாதிரி ஆயிடுதும்மா," என்றார்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணணும் ஆன்ட்டி, பண்ணிடுறேன்."

"ஐயோ, ஒண்ணும் பண்ணாத. அந்த வெளிச்சத்துலதான் இப்பல்லாம் பாத்திரம் கழுவுறேன். அம்மாவைக் கொஞ்சம் மெதுவா வரச்சொல்லு, குக்கர் ஒண்ணு பாக்கி நின்னுடுது."

இப்படி, ஓட்டுகிறவளைத் தவிர எல்லாருக்கும் என் விளக்கு பயன்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், காரின் வருடாந்திரச் சோதனை வந்தது. பழைய கார்களை ஆண்டுக்கொரு முறை கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுதியானது என்று சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல் தெருவில் இறக்கினால் பறிமுதல். எப்போதும் அம்மாவே போய் வாங்கி வந்துவிடுவாள். இந்த முறை நானும் கூடப் போனேன், பாராட்டைப் பக்கத்திலிருந்து கேட்பதற்காக.

சோதனைக் கூடத்தில் வெள்ளைச் சுவர், அதில் ஒரு கறுப்புக் கோடு. விளக்கைப் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. எங்கள் வெளிச்சம் கோட்டைப் பார்க்கவே இல்லை. சுவரில் ஏறி, கடிகாரத்தைத் தொட்டு, கூரைக்குக் கீழே ஒரு பல்லியைப் படம் பிடித்த மாதிரி நிறுத்தியது.

"கோட்டுக்கு மேல போகுது," என்றார் அதிகாரி.

"புது பல்பு சார். ரிலே போட்டிருக்கு. நல்லா வெளிச்சமா…"

"நல்லாத்தான்மா இருக்கு. கோட்டுக்கு மேல இருக்கு."

"அங்கெல்லாம் இதவிட…"

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். முழங்கால்களையும் தோள்பட்டைகளையும் வழிக்குக் கொண்டுவருகிற கை. வாய் தானாக மூடிக்கொண்டது. வெள்ளிக்கிழமை மறுசோதனை என்று அதிகாரி எழுதினார். அதிலும் தேறாவிட்டால் காரை ஓரங்கட்ட வேண்டியதுதான்.

வரும் வழியில் இரண்டு சிக்னல் தாண்டும்வரை அம்மா ரோட்டையே பார்த்து ஓட்டினாள். பிறகு, "இடுப்பு இப்பத்தான் நாலு அடி வைக்குது" என்றாள்.

இடுப்பு என்பது ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு தையல்காரம்மா. விழுந்து எலும்பை முறித்துக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து படுத்தவர். தனியாக இருக்கிறார். மற்ற வீடுகளுக்குப் பஸ் இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சாயங்காலத்துக்கு மேல் எதுவும் போகாது.

"ஒரு வாரம் விட்டா என்னம்மா ஆகும்?"

"இறுகிடும். அப்புறம் மொதல்லேர்ந்து. வலியும் மொதல்லேர்ந்து." கொஞ்ச தூரம் போய், "பேசாம அந்தப் பழைய பல்பையே போட்டுடேன்" என்றாள்.

பழைய பல்பு எங்கே என்று உங்களுக்குத் தெரியும். "பாக்குறேம்மா" என்றேன்.

அந்த வாரம் முழுக்க நான் காரின் முன்பக்கத்தைப் பிரித்துப் போட்டிருந்தேன். அம்மா பஸ்ஸில் போனாள். நோயாளிகளின் வலிக்கு மின்சாரம் வைக்க அவள் கொண்டுபோகும் பெட்டி காரில் போகும்போது கனமே தெரியாது. தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறினால் தெரியும். புதன்கிழமை வந்தவள் தன் வலது தோளைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா?" என்றேன். "இன்னைக்கு மூணு தோள்பட்டை" என்றாள். நான் வெளியே வந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். எங்கள் இனத்துக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் மன்னிப்புக் கேட்கமாட்டோம். இன்னொரு ஸ்க்ரூவைத் திருகுவோம்.

வியாழக்கிழமை, பொழுது மங்கும் வேளை. காரை வாசல் சுவருக்கு நேராக நிறுத்தி, சோதனைக் கூடத்தில் பார்த்த உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் அண்ணனை நிற்கவைத்தேன். விளக்கின் பின்னால் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் வெளிச்சம் இறங்கும். திருப்பினேன். இறங்கியது. இன்னும் திருப்பினேன். இனி திருப்ப முடியாது என்கிற இடம் வரை திருப்பினேன். அப்போதும் வெளிச்சம் சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"முழு விளக்கையும் மாத்திடலாம்," என்றேன். "வேற கார் விளக்க எடுத்து இதுல பொருத்துற மாதிரி ஒரு வீடியோ…"

"'போட்டுடலாம்' அண்ணனக் கூப்பிடு," என்றான் அண்ணன். "அந்த விளக்குக்கு ஏத்த மாதிரி காரையும் போட்டுடலாம்."

அப்போது அம்மா ஒரு மடக்கு வாக்கரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வயதானவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கிற அலுமினியச் சட்டம். இடுப்புக்கு. நாளைக்குச் சீட்டுக் கிடைத்தால் நேரே அங்கே போக வேண்டும், கிடைக்கும் என்று நம்பியே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"டிக்கியத் திற."

"பின் சீட்டுல வச்சிடும்மா."

"சீட் துணியக் கிழிச்சிடும். திற."

திறந்தேன். டிக்கியில் என் பொருட்கள் இருந்தன. நான் வந்திறங்கிய அன்று அண்ணன் இந்தக் காரில்தான் என்னை அழைத்து வந்தான். கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை அப்புறம் எடுத்துக்கலாம் என்று வீட்டுக்குள் போனவள் நான். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை. பாதி புரிகிற மொழிகளில் புத்தகங்கள் இரண்டு பெட்டி. கூடாரம். இரும்புச் சட்டி ஒன்று, யாரோ ஒரு பாட்டுக்காரியிடம் பண்டமாற்றாக வாங்கியது. அப்புறம் ஒரு சாக்கு.

அம்மா சாக்கைத் தட்டிப் பார்த்தாள். "இது என்ன?"

"கல்லும்மா."

"கல்லுன்னு தெரியுது. எதுக்கு?"

"போன ஊர்லேர்ந்தெல்லாம் ஒண்ணு ஒண்ணா எடுத்தேன். ஞாபகத்துக்கு."

"ஞாபகத்துக்கு ஒரு சின்னக் கல்லு போதாதாடி? ஊரையே பேத்துட்டு வந்திருக்க."

இறக்க ஆரம்பித்தோம். "முதுக வளைக்காத, முட்டிய மடக்கித் தூக்கு" என்று அம்மா எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் புத்தகப் பெட்டி இறங்கியது.

"ஏய், வெளிச்சம் இறங்குது," என்றான் முன்னாலிருந்து அண்ணன்.

"நான் எதையும் தொடல."

இரண்டாவது பெட்டி. "இன்னும் இறங்குது." கூடாரம், சட்டி. "கோட்டுக்கு வந்துடுச்சு." நானும் அம்மாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சாக்கைத் தூக்கி வெளியே வைத்தோம். காரின் பின்பக்கம் பெருமூச்சு விட்ட மாதிரி மேலே எழும்பியது. முன்பக்கம் தாழ்ந்தது. நான் கடைசி வரை திருகி வைத்திருந்த விளக்குகள் இப்போது சுவரையே விட்டுவிட்டு அண்ணனின் செருப்பைப் பிரகாசமாகக் காட்டின.

பின்னால் பாரம் ஏறினால் முன்னால் மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் வெளிச்சம் மரத்துக்குப் போகும். இதற்குக் கெல்வின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு தராசைப் பார்த்திருந்தால் போதும். அம்மாவுக்கு ரோடு தெரியாமல் போனது பல்பு தேய்ந்ததனால் அல்ல, நான் வந்து சேர்ந்ததனால். தும்பை விட்டு வாலைப் பிடிப்பார்கள் என்பார்களே. நான் வாலுக்கு ரிலே போட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் சாதாரண மனிதர் வெட்கப்படுவார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பின்னாடி ஸ்பிரிங் வீக்கா இருக்கு போல. அத மாத்திட்டா…"

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எதிர்வீட்டு மாடியில் ஜன்னல் திறந்து, "என்னம்மா, இன்னைக்கு வெளிச்சமே வரல?" என்று ஆன்ட்டி குரல் கேட்டது.

அம்மா சிரிக்கவில்லை. வாக்கரை டிக்கியில் வைத்தாள். காலடியில் கிடந்த பெட்டிகளையும் சாக்கையும் பார்த்தாள்.

"இதெல்லாம் உள்ள கொண்டுபோகலாமா?" என்றாள். "இல்ல, திரும்ப ஏத்தணுமா?"

கல்லைப் பற்றித்தான் கேட்டாள். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஆனால் ஊரே கேட்ட கேள்வியை இத்தனை நாள் கேட்காமல் இருந்தவள், ஒரு கை டிக்கிக் கதவில் இருக்க, பதிலுக்கு நின்றாள். எனக்கு முதல்முறையாக மேம்படுத்துவதற்கு எதுவும் தோன்றவில்லை.

"உள்ள வச்சிடலாம்மா," என்றேன். "அலமாரியில எடம் இருக்கா?"

"இருக்கு. எப்பவோ ஒதுக்கி வச்சாச்சு." டிக்கியைச் சாத்தினாள். "முட்டிய மடக்கித் தூக்கு."

விளக்குகளைப் பழைய இடத்துக்குத் திருகி ஏற்றினேன். வெள்ளிக்கிழமை வெளிச்சம் கறுப்புக் கோட்டின் மேல் பிசகாமல் உட்கார்ந்தது. அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டுக் கொடுத்தார். அம்மா அங்கிருந்தே பாலம் தாண்டிப் போனாள். இடுப்பு அன்று ஜன்னல் வரை நடந்ததாம். வீட்டில் என் கற்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. அந்தத் தட்டு நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கிறது. தினமும் பார்க்கிறேன், அடியில் ஒரு இரும்புச் சட்டம் கொடுத்தால் நன்றாக இருக்கும். 'போட்டுடலாம்' அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் இதை வாசிக்கும்போது நடுவில் எங்கேயாவது, இந்த அறையில் வெளிச்சம் கொஞ்சம் போதவில்லையே, நாளைக்கே இதைவிடப் பெரிய பல்பாக ஒன்று வாங்கி மாட்ட வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்து போனதா? வந்திருந்தால் எங்கள் கூட்டத்துக்கு வரவேற்கிறேன். கடைக்குக் கிளம்புமுன் ஒன்றே ஒன்று. பக்கத்தின் மேல் விழுந்திருக்கிற இருட்டு உங்கள் தலையின் நிழல்தானா என்று, தலையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்துவிடுங்கள்.